மிஞ்சிய நீலத் திருகு

மூன்று வாரமாக மல்லுக்கட்டிய கடிகாரம் அன்று காலை பதினோரு மணிக்கு ரோஸ்வித்தா லெம்மலின் மேசையை விட்டுப் போனது. போர்க்காலத்தில், கடிகாரத்துக்கே பேர்போன எங்கள் ஜெர்மன் ஊரான கிளாஸ்ஹூட்டேயில் பிறந்த க்ரோனோகிராஃப் அது, நொடிகளை நிறுத்தி அளக்கும் கடிகாரம். எம்டன் ஊரிலிருந்து வந்த ஓல்ட்மன்ஸ் என்ற பெரியவரின் தகப்பனார் விமானத்தில் கட்டிப் பறந்தது. பொத்தானை அழுத்தினால் ஓடும் முள் துள்ளிப் பன்னிரண்டில் போய் நிற்க வேண்டும். அது இருபது வருடமாக மூன்றிலேயே முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. பெரியவர் பத்துத் தடவை அழுத்திப் பார்த்தார். பத்துத் தடவையும் பன்னிரண்டு. கையில் கட்டிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தார். ரோஸ்வித்தாவுக்கு முதுகிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நிம்மதியாக ஒரு காபி போட்டுக் குடித்தாள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் அவள். பதினாறு வயதில் அரசுத் தொழிற்சாலையில் திருகு கடைய உட்கார்ந்தாள். கிழக்கையும் மேற்கையும் பிரித்த சுவர் விழுந்து, பாதி ஊர் வேலையில்லாமல் தெருவில் நின்றபோது, புதிதாகத் திறந்த பட்டறைக் கதவைத் தட்டி, “சர்டிஃபிகேட் இல்ல, கை இருக்கு” என்றாள். அந்தக் கைதான் இன்றைக்கு அந்தப் பட்டறை. கடலில் குதித்தாலும் கலங்காத எஃகு ஸ்போர்ட்ஸ் கடிகாரம் இப்போது அங்கே செய்கிறார்களே, அதன் முதல் உருப்படி இவள் கையில்தான் ஓடத் தொடங்கியது. பட்டம் வாங்கிய பொறியாளர்கள் இவள் மேசையருகே நின்று சந்தேகம் கேட்டுவிட்டுப் போவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நாற்பத்தொரு வருடத்தில் அவள் அனுப்பிய கடிகாரம் ஒன்றுகூடப் பழுதென்று திரும்பி வந்ததில்லை. இதை அவளே எல்லோரிடமும் சொல்வாள். ஏன் சொல்லக் கூடாது?

காபியைக் குடித்துவிட்டு மேசையைத் துடைத்தாள். தட்டின் ஓரத்தில் எள்ளளவு நீலம் மின்னியது. லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள்.

ஒரு திருகு.

பெரியவரின் கடிகாரத்தில் முள்ளைத் திருப்பும் நெம்புகோலை அமுக்கிப் பிடிக்கும் தகட்டுக்கு மூன்று திருகுகள். ஒன்றின் தலையை எவனோ முன்பு சிதைத்திருந்தான். அதற்குப் பதிலாகப் புதன்கிழமை அவளே கடைந்து, நெருப்பில் நீலமாக்கியது இது. இது இங்கே இருந்தால் அங்கே என்ன இருக்கிறது? இரண்டு திருகில் நிற்கிற தகடு இன்றைக்கு நிற்கும். ஒரு மாதம் அழுத்தினால் நகரும், நெம்புகோல் உடையும். அந்த நெம்புகோலுக்கு உலகத்தில் மாற்று கிடையாது.

பக்கத்து மேசை உடோ எட்டிப் பார்த்தான். “என்ன, ஆணி அடிச்ச மாதிரி நிக்கற?”

“ரயில் எத்தனை மணிக்கு?”

“பத்து நிமிஷம் இருக்கு. ஏன்?”

உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள்.

உடோ சீட்டியடித்தான். “தாயே, நாப்பத்தொரு வருஷக் கதை முடிஞ்சுது. பேசாம இரு. மூடி போட்டாச்சு, யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்டா” என்றபடி வெள்ளை அங்கியோடு, விரல்நுனியில் மாட்டிய ரப்பர் உறைகளைக்கூடக் கழற்றாமல் ஓடினாள்.

ரயில் வந்து நின்றிருந்தது. ஓல்ட்மன்ஸ் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார்.

“ஐயா, இறங்குங்க. ஒரு திருகைப் போடாம விட்டுட்டேன்னு நினைக்கறேன்.”

“நல்லாத்தானே ஓடுது?”

“இன்னைக்கு ஓடும். உடைஞ்சா என்னாலயும் சரி பண்ண முடியாது.”

பெரியவர் ரயிலைப் பார்த்தார், அவள் விரல் உறைகளைப் பார்த்தார். “மருத்துவமனையிலிருந்து ஓடி வந்த மாதிரி இருக்கீங்கம்மா” என்று சொல்லிக் காலை இறக்கினார். ரயில் போய்விட்டது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

பட்டறையில் யாரும் வேலை செய்யவில்லை. செய்வது போலக் குனிந்திருந்தார்கள். ரோஸ்வித்தா மூடியைத் திறந்தாள். லென்ஸ் வழியே எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி எண்ணினாள். மூன்றும் நீலம், மூன்றும் இறுக்கம்.

“உடோ, நீ எண்ணு.”

“மூணு” என்றான் அவன். “அப்ப கையில இருக்கறது என்ன?”

அப்போதுதான் அவளுக்குப் பளிச்சென்றது. நீலமாக்கும்போது அவள் எப்போதும் இரண்டாகக் கடைவாள். பித்தளைத் தூளின்மேல் வைத்துச் சுடும்போது ஒரு நொடி பிசகினால் ஊதாவில் நின்றுவிடும், இல்லையென்றால் வெளுத்துவிடும். இரண்டில் ஒன்று கெட்டுப்போகும், அது குப்பைக்குப் போகும். புதன்கிழமை இரண்டுமே ஒரே நீலமாக வந்திருந்தன. கெட்டதைத் தூக்கிப் போட்டே பழகிய கைக்கு, மிஞ்சிய நல்லதை என்ன செய்வதென்று தெரியாமல் தட்டோரத்தில் விட்டுவிட்டது.

“ரெண்டும் நல்லா வந்ததுக்கா இந்த ஓட்டம்?” என்றான் உடோ. பட்டறை முழுக்கச் சிரிப்பு. ரோஸ்வித்தாவும் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மூடியை எடுத்தாள். அதன் உட்புறத்தில் எண்பது வருடத்து ரிப்பேர்க்காரர்களின் கீறல்கள். திறந்தவன் எவனாக இருந்தாலும் தன் குறியையும் தேதியையும் ஊசியால் கீறியே மூட வேண்டும். எங்கள் தொழிலில் அது சத்தியம் மாதிரி. காலையில் கீறிய அவள் குறி கடைசியில் இருந்தது.

உடோ குரலைத் தாழ்த்தினான். “அதே தேதியை ரெண்டாம் தடவை போட்டா, அடுத்துத் திறக்கறவன் நீ சொதப்பிட்டேன்னுதான் நினைப்பான். விட்டுடு, நாங்க பார்க்கல.”

“நினைச்சுக்கட்டும்” என்று ஊசியை எடுத்தாள். “உள்ள மூணு திருகு இருக்கு. அதையும் அவன் எண்ணிப் பார்ப்பான்ல.”

அதே குறி, அதே தேதி, முந்தையதற்கு நேர் கீழே கீறினாள். மூடியை அழுத்தி மூடிக் கடிகாரத்தைப் பெரியவரிடம் கொடுத்தாள். அவர் பொத்தானை அழுத்தினார். முள் பன்னிரண்டில் போய் நின்றது.

“அப்ப உங்க கடிகாரமும் ஒரு தடவை திரும்பி வந்திடுச்சும்மா” என்றார், கண்ணைச் சிமிட்டி.

“அது எங்க வந்தது? நான் போயி கூட்டிட்டு வந்தேன்” என்றாள் ரோஸ்வித்தா, அங்கியைக் கழற்றிக்கொண்டே. “வாங்கய்யா, ரயிலுக்கு நேரம் இருக்கு. சூடா உருளைக்கிழங்கு சூப் குடிக்கலாம்.”