தியோடருக்குக் கேட்காத விசில்

நீலசந்திராவில் என் மூன்று மாடி வீட்டைத் தெரியாதவர்கள் குறைவு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றியே எழுப்பிய வீடு. அதன் உச்சி அறையில்தான் தியோடரும் லவினாவும் இசை செய்கிறார்கள். ஜோடிக்குப் பெயர் ‘மேல்மாடி’. என் மாடிதான். ஜெர்மனியில்கூடக் கேட்கிறார்களாம், கேட்கட்டும்.

தியோடர் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவர். அதிகம் பேசமாட்டார். லவினா சர்ச் பாட்டுக்குழுவில் அவரோடு வளர்ந்தவள். இவர்கள் பாட்டில் வார்த்தை கிடையாது. ரயில், மழை, குழாய்த் தண்ணீர் என்று எந்தச் சத்தத்தையும் கம்ப்யூட்டரில் போட்டு நீட்டுவார்கள். முதல் ரெக்கார்டு, வெயிலில் குருவிக் கூட்டம் சிதறுவதுபோல் மின்னும். இரண்டாவது மேகம். மூன்றாவதைக் கேட்டால் ஏரிக்கு அடியில் படுத்திருப்பதுபோல இருக்கும். ‘ஆழமாகிக்கொண்டே போகிறார்கள்’ என்று பத்திரிகையில் எழுதினார்கள். அதை நான் முன்பே சொல்லிவிட்டேன்.

அவர்களுக்குள் ஒரு முறை உண்டு. ஒரு ரெக்கார்டை ஒருவர் தனியாக முடிப்பார், அடுத்ததை மற்றவர். வெளிவரும்வரை மற்றவர் கேட்கக்கூடாது. நான்காவது, தியோடரின் முறை.

வெளியிடுவதற்கு முந்தின சாயங்காலம் என்னை உட்காரவைத்துப் போட்டுக்காட்டினார். சத்தம் புகைபோல் அறையில் பரவியது. கண்ணை மூடினேன். வீடே மெல்ல மிதந்து போவதுபோல் இருந்தது.

“பிரமாதம் வாத்தியாரே” என்றேன்.

அப்போது என் மருமகள் அதிதி காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

“மாமா, என்ன கருமம் இது? பல்லு கூசுது. அந்த விசிலை நிறுத்தச் சொல்லுங்க!”

“எந்த விசில்மா?”

“தலைக்குள்ள குத்துதே, கேக்கலையா? தெரு நாயெல்லாம் ஊளையிடுது!”

நானும் தியோடரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நான் ஆயுசெல்லாம் மோட்டாரோடு கிடந்தவன், காது மந்தம். அவருக்கு நாற்பதுதான் இருக்கும்.

அதிதி போனதும் சொன்னார். “கீச்சுச் சத்தம் எதுவும் கேக்கறதில்ல அங்கிள். ரெண்டாவது ரெக்கார்டுலேருந்தே இப்படித்தான். இதுல குருவி மாதிரி ஒரு மெட்டு வெச்சேன். ஸ்கிரீன்ல கோடு தெரியுது, காதுல விழல. விழட்டும்னு சத்தத்தை ஏத்திக்கிட்டே போயிட்டேன்.”

“லவினாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா ‘மேல்மாடி’ முடிஞ்சுது. செவிடனோட யார் ரெக்கார்டு போடுவா?”

“மூணு மாடியை ஒண்டியா எழுப்பினவன் நான். நீங்க ரெண்டு பேர் இருந்தும் பயப்படறீங்களே!”

முறையை மீறி, தியோடரே லவினாவுக்குப் போன் செய்தார்.

ஹெல்மெட்டோடு வந்தாள். கேட்டாள். முகத்தைச் சுளித்தாள்.

“டேய், ரெண்டாவதுல கீச்சே இல்லன்னதும் நீ ஞானியாயிட்டேன்னு நெனச்சு, மூணாவதுல நானும் உன் பின்னாடியே இறங்கினேன்டா. காது போச்சுன்னு சொல்றதுல என்ன பேஜாரு உனக்கு?”

“நீ வேற ஆளைப் பாத்துக்கோ, லவினா.”

அவள் ஸ்கிரீனில் அந்தக் கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்து, சுருதியை இறக்கினாள்.

“இப்போ?”

“இல்ல.”

இன்னும் இழுத்தாள். “இப்போ?”

இல்லையென்று தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம். சட்டென்று அவர் கழுத்து நிமிர்ந்தது. தான் வைத்த மெட்டை முதல்முறையாகக் கேட்கிறார்.

“நல்லாருக்கே! யார் போட்டது?”

“யாரோ ஒரு செவிடன்.”

ரெக்கார்டு ஒரு மாதம் தள்ளி வந்தது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து முடித்தார்கள். அந்த மெட்டு உச்சியில் தொடங்கி, அவசரமில்லாமல், மயிலிறகு விழுவதுபோல் இறங்கிவருகிறது. பாதி தாண்டித்தான் எனக்கும் தியோடருக்கும் கேட்க ஆரம்பிக்கிறது. அதுவரை அவர் லவினாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.