ஆறு படி அரிசியில் ஒரு பொருளாதாரப் பாடம்

பாடப் புத்தகத்தில் வருகிறவர்கள் எல்லாரும் கோதுமை வாங்கினார்கள், நிலக்கரி வாங்கினார்கள், குளிருக்குக் கம்பளிக் கோட்டு வாங்கினார்கள். வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளோ ஊரப்பாக்கத்திலிருந்தும் படப்பையிலிருந்தும் பழையது சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். தேவை விதியைக் கேட்டால் ஒரு மூச்சில் ஒப்பிப்பார்கள். அர்த்தம் கேட்டால் மின்விசிறியைப் பார்ப்பார்கள். தாம்பரத்துக் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் கற்பிக்க வந்த ரத்தினபாய்க்கு முதல் மாதமே இது பொறுக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஸ்டேஷனுக்கு எதிர் ஓட்டலின் மசால் வடையை எடுத்துக்கொண்டாள். முதல் வடை தேவாமிர்தம், இரண்டாவது சுமார், மூன்றாவது திகட்டல், நாலாவதைத் தின்ன உங்களுக்கு நான் காசு கொடுக்கவேண்டும் என்றாள். பிள்ளைகளுக்கு அன்றுதான் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயம் புரிந்தது.

துறைத் தலைவர் பட்டாபிராமன் அதற்கு 'வடை கிளாஸ்' என்று பெயர் வைத்தார். ஆசிரியர் அறையில் எல்லாரும் சிரித்தார்கள். ரத்தினபாயும் சிரித்து வைத்தாள். வேறு வழியில்லை. இரண்டு வருஷத்தில் நிரந்தரம் ஆகவேண்டிய வேலை மூன்றாம் வருஷமும் இழுத்துக்கொண்டிருந்தது. பட்டாபிராமன் ஒரு வரி எழுதினால் நகரும். சேலையூரில் ஒரு போர்ஷனில் வாடகை, வயிற்றுப் புண்ணோடு அப்பா ஐசக், முப்பத்து மூன்று வயது, கையில் இருந்தது இந்த வேலை ஒன்றுதான்.

அறுபத்தாறாம் வருஷம் அரிசிக்கு வந்த கேடு ஊருக்கே தெரியும். வெளியிலிருந்து பட்டணத்துக்குள் அரிசி கொண்டுபோகக் கூடாது என்று தடை. ரேஷனில் போட்ட அரிசியை வடித்தால் தெருமுனை வரை நாறும். படப்பையில் படி ஒரு ரூபாய் இருபது காசுக்குக் கிடைத்த அரிசி, மாம்பலத்தில் ஒரு ரூபாய் தொண்ணூறு காசுக்குப் போனது. அந்த வருஷம் தாம்பரம் ரயிலில் கர்ப்பிணிகள் ரொம்பப் பேர். காலையில் நிறைமாதமாக ஏறுவார்கள், மாம்பலத்தில் பிரசவித்துவிட்டுப் பதினோரு மணிக்கு வெறும் வயிற்றோடு திரும்புவார்கள்.

எல்லம்மா அவர்களில் ஒருத்தி. துணிப்பையில் ஆறு படி அரிசியை வயிற்றோடு சேர்த்துக் கட்டி, மேலே புடவையைச் சுற்றிக்கொள்வாள். ஐசக்குக்கு ரேஷன் அரிசி ஒத்துக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டு, வாரத்துக்கு இரண்டு படி சேலையூர் வீட்டுக்கும் கொண்டுவந்து கொடுப்பாள். ஐசக் அந்தச் சோற்றுக்குக் கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டுத்தான் கை வைப்பார். தடையைப் பற்றி அவர் கர்த்தரிடம் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

வடையைவிட நல்ல உதாரணம் வாசலுக்கே வந்து நிற்கும்போது எந்த ஆசிரியைதான் சும்மா இருப்பாள்? ஒரு சனிக்கிழமை எல்லம்மாவை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து எல்லாவற்றையும் கேட்டாள். எங்கே வாங்குகிறாள், எந்த ரயில், எத்தனை பேர் போகிறார்கள், பஸ்ஸுக்கு எவ்வளவு, கண்டும் காணாமல் இருப்பவர்களுக்கு எவ்வளவு.

"இன்னாத்துக்குமா இதெல்லாம்?" என்று கேட்டாள் எல்லம்மா.

"பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்ல. வேற ஒண்ணுமில்ல."

எல்லம்மாவுக்குப் பெருமையாகிவிட்டது. தன் பிழைப்பு காலேஜுக்குப் போகிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

திங்கட்கிழமை அந்தப் பாடம் நடந்தது. படப்பை விலைக்கும் மாம்பலத்து விலைக்கும் நடுவே எழுபது காசு. அதில் பஸ், ரயில், சில்லறைச் செலவு எல்லாம் கழித்தாலும் நாற்பது காசு மிஞ்சுகிறதே, அது எதற்கு என்று கேட்டாள் ரத்தினபாய். உழைப்புக்கு என்றான் ஒருவன். "உழைப்புக்குப் பாதி. மீதி அவங்க பயத்துக்குக் கூலி. பிடிபட்டா என்ன ஆகும்கிறதையும் சேர்த்துத்தான் அந்த விலை" என்றாள். வகுப்பு மேஜையைத் தட்டியது. அன்று இரவு அவளுக்குத் தன்னை நினைத்து சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வகுப்பில் ஸ்ரீரங்கன் என்று ஒருவன், கெட்டிக்காரன். அவனும் இன்னும் மூன்று பேரும் பத்து நாள் ரயிலில் போய்வந்து, கணக்கெடுத்து, ஒரு பெரிய அட்டையில் படம் வரைந்து கொண்டுவந்தார்கள். பச்சை மையில் வாங்கும் விலை, சிவப்பு மையில் விற்கும் விலை. இடம், நேரம், அளவு மூன்றும் இல்லாத தகவல் வெறும் வதந்தி என்று அவள்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆகவே ரயில் நேரம், எத்தனாவது பெட்டி, பெட்டிக்கு எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை படி, எல்லாம் இருந்தன. 'எல்லம்மா' என்ற பெயரை மட்டும் அடித்து 'எ. என்ற பெண்மணி' என்று போடச் சொன்னாள். பெயரை மறைத்தால் ஆளை மறைத்த மாதிரி என்பது படித்தவர்களின் நம்பிக்கை. பிறகு அட்டையை இன்னொரு தரம் பார்த்து, இரண்டாவது ரயிலுக்கு நேரம் எழுதாமல் விட்டிருக்கிறாயே என்று ஸ்ரீரங்கனைக் கடிந்துகொண்டாள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஆறு பதினைந்து என்று எழுதிச் சேர்த்தான்.

கல்லூரிக் கண்காட்சியில் அந்த அட்டைக்கு நடு இடம். வடை கிளாஸ் என்று சிரித்த பட்டாபிராமனே சிறப்பு விருந்தினரைக் கையைப் பிடிக்காத குறையாக அதன் முன்னால் நிறுத்தி, எங்கள் துறையின் முயற்சி என்றார். விருந்தினர் உணவு வழங்கல் அதிகாரி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். "இவ்வளவு துல்லியமா எங்க ஆபீஸ்லகூடச் செய்யமாட்டாங்கம்மா" என்று ரத்தினபாயைப் பாராட்டினார். பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். அவளுக்குப் புல்லரித்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன் வாயால் ஊராரைக் கெடுத்தது.

நாலாம் நாள் காலை ஆறு பதினைந்து ரயிலில், மூன்றாவது பெட்டியில், பதினோரு பெண்களைப் பிடித்தார்கள். அட்டையில் போட்டிருந்ததும் பதினொன்றுதான்.

அன்று சாயங்காலம் எல்லம்மாவின் புருஷன் தசரதன் சேலையூருக்கு வந்தான். ரிக்‌ஷா மிதித்துக் கால் வீங்கியவன். வாசல்படியில் ஏறாமல் கீழேயே நின்றான்.

"நாளைக்கிப் பத்து மணிக்கு சைதாப்பேட்டைக் கோர்ட்டுல நிறுத்துறாங்கம்மா. காலேஜு டீச்சரு, நீ ஒரு வார்த்த சொன்னா போதும். நல்ல பொம்பள, மூணு புள்ள கீது, இதான் மொத தபான்னு. அபராதத்தோட வுட்டுடுவாங்கன்னு வக்கீல் குமாஸ்தா சொன்னாரு. உள்ள போட்டுட்டா புள்ளைங்க கதி பேஜாராப் பூடும்."

"வர்றேன்" என்றாள் ரத்தினபாய். அந்த நேரத்தில் அவள் மனதாரத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை லீவு சொல்லப் பட்டாபிராமன் அறைக்குப் போனாள். அவர் முந்திக்கொண்டார். அவளுடைய நிரந்தரக் காகிதம் நிர்வாகத்துக்குப் போய்விட்டதாம். அந்த அதிகாரி கல்லூரித் தலைவரிடம் அவளைப் பற்றி ரொம்ப நல்லவிதமாகச் சொன்னாராம். "இந்த வாரம் மட்டும் எதிலும் தலையிடாம இருங்க. எதுக்கும்மா லீவு?" என்று கேட்டார். அப்பாவுக்கு மருந்து வாங்கவேண்டும், சாயங்காலம் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஒன்றை எடுத்துக்கொண்டால் இன்னொன்றை விடவேண்டும், விட்டதுதான் எடுத்துக்கொண்டதன் உண்மையான விலை. அன்றைய பாடம் அது. மணி பத்து அடித்தபோது அவள் கரும்பலகையில் தலைப்பை எழுதிக்கொண்டிருந்தாள். உதாரணம் சொல்லுங்கள் மேடம் என்றார்கள் பிள்ளைகள். புத்தகத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மணி அடிக்கும் வரை பாடத்தை நடத்தி முடித்தாள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

பத்துப் பெண்களுக்காக ஆள் வந்து ஏதோ சொன்னதில் அவர்கள் அபராதத்தோடு போனார்கள். எல்லம்மாவுக்குச் சொல்ல ஆளில்லை. பதினைந்து நாள் உள்ளே போட்டார்கள். அந்தப் பதினைந்து நாளுக்குள் ரத்தினபாயின் நிரந்தரக் கடிதம் வந்துவிட்டது. ஐசக் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சோறு மட்டும் நாறுகிறது என்றார்.

மார்ச்சில் ஒரு நாள் ஸ்டேஷன் படிக்கட்டில் எல்லம்மா எதிரே வந்தாள். திரிசூலத்தில் கல் உடைக்கப் போவதாகச் சொன்னாள். விரல்களில் துணி சுற்றியிருந்தது. அட்டையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. எந்தப் பாவி காட்டிக்கொடுத்தானோ என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்தாள். போகும்போதுதான் எல்லம்மா சொன்னாள்:

"அன்னிக்கி நீ வருவேன்னு கதவாண்டயே பாத்துகினு இருந்தேன் டீச்சரம்மா. ஜட்ஜி பேரு கேட்டது கூட எனக்குக் காதுல வுயல. சரி வுடு, ஒனக்கு இன்னா வேலையோ."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அய்யாவுக்கு வயிறு எப்படி இருக்கிறது என்று வேறு கேட்டுவிட்டுப் போனாள்.

ஏப்ரலில் வருஷப் பரீட்சை. தடை விதித்தால் விலைக்கு என்ன ஆகும், யாருக்கு நஷ்டம், உள்ளூர் உதாரணத்துடன் விளக்குக என்று ஒரு கேள்வி. முன்பே அவள் எழுதிக் கொடுத்து அச்சுக்குப் போனது, மாற்ற முடியவில்லை. ஸ்ரீரங்கன் இங்கிலீஷில் முத்து முத்தாக எழுதியிருந்தான். பதினோரு பேர் பிடிபட்ட பின் மாம்பலத்தில் படி இரண்டு ரூபாய் பத்து காசு ஆனது. வாங்குகிறவர்களுக்கு நஷ்டம். தப்பி நின்றவர்களுக்கு லாபம். எ. என்ற பெண்மணிக்கு இதில் தனியாக நஷ்டம் எதுவும் இல்லை. பயத்துக்கான கூலியை அவர் படிக்குப் படி முன்கூட்டியே வாங்கிவிட்டார்.

ரத்தினபாய் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் தேடினாள். விலை சரி, காரணம் சரி, வாக்கியங்கள் அவளுடையவை. வெட்டுவதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. பத்துக்குப் பத்து போட்டாள்.