கண்ணாடிக்காரர் புரட்டிய பக்கங்கள்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் ‘பவர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வருகிறவர்களுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்லியே வந்த பெயர். வீட்டுக்குள் அந்தப் பெயருக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மனைவி நில் என்றால் நிற்பார், உட்கார் என்றால் உட்காருவார். அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, சொந்த வீட்டுப் பேச்சு வரும்வரை.

வீடு என்றால் மாளிகை ஒன்றும் இல்லை. இரண்டு அறை, ஒரு சமையலறை. தெருவைப் பார்த்த முன்பக்கம் வீட்டை விற்கிறவரின் இரும்புக் கடை, பின்பக்கம்தான் வீடு. கடையை ஒட்டி ஒரு மூன்றடிச் சந்து. உள்ளே போக வேறு வழி கிடையாது. ஏழு வாடகை வீடு மாறி, சுவரில் ஓர் ஆணி அடிக்க ஏழு பேரிடம் அனுமதி கேட்டு அலுத்துப்போன மனைவி, பார்க்கப் போன அன்றே சமையலறை ஜன்னலுக்குத் திரை தைக்கச் சாண் போட்டு அளந்துகொண்டு வந்துவிட்டாள்.

“வக்கீல் யாரை வெக்கலாம்?” என்று பவர் மெதுவாகக் கேட்டார்.

“இதென்ன கேள்வி? எங்க அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப, வக்கீலத் தெருவுலயா தேடுவாங்க?”

பவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி ஒன்று இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அந்த வக்கீல் மச்சான் வந்தார். எழுத்து அட்டையில் இரண்டு வரிதான் படித்தார். பெட்டியில் இருந்த லென்ஸையெல்லாம் பவர் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை. கண் டாக்டரும் கையை விரித்துவிட்டார். உள்ளே நரம்பு கெட்டுவிட்டது, கண்ணாடி போட்டுப் பிரயோஜனம் இல்லை.

“குமாஸ்தா படிச்சுக் காட்டுவான், நான் சமாளிச்சுக்குவேன். தங்கச்சிக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போயிடுவா. மூச்சு விடாதீங்க மாப்பிள்ளை,” என்று மச்சான் கையை நீட்டினார். பவர் அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். கல்யாணமான நாளிலிருந்து மச்சான் அவரிடம் கேட்ட முதல் உதவி அது. பெருமையாகக்கூட இருந்தது, பாவம்.

இப்போது அந்தச் சத்தியம் கழுத்தைப் பிடித்தது. “நம்ம கடைக்கு எதிர்மாடியில ஒரு வக்கீலம்மா இருக்காங்க, பத்திர வேலையில கெட்டிக்காரங்களாம்,” என்று ஒருநாள் ஆரம்பித்தார்.

“எங்க அண்ணனுக்கு என்ன கொறச்சல்? அதச் சொல்லுங்க மொதல்ல.”

அதைத்தான் சொல்ல முடியாது. மென்று முழுங்கினார். சொந்தத்தில் வேலை கொடுத்தால் மனஸ்தாபம் வரும் என்று இன்னொரு நாள் சொல்லிப் பார்த்தார். கொடுக்காவிட்டால்தான் வரும் என்றாள் அவள். அதற்குள் குமாஸ்தாவும் வேறு வக்கீலிடம் போய்விட்டான் என்று காதில் விழுந்தது. பத்திரத்தை எழுதியதோ விற்கிறவருடைய வக்கீல். பவருக்குச் சோறு இறங்கவில்லை.

கையெழுத்து நாளும் வந்தது. பதிவு அலுவலகத்தில் நீள மேஜை. பின்னால் அடுத்த கூட்டம் காத்திருந்தது. மச்சான் பத்திரத்தை வாங்கி நிதானமாகப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்துக்கும் இவ்வளவு நேரம் என்று கணக்காக நிறுத்தி, இடையில் ஒருமுறை புருவத்தைக்கூடச் சுருக்கினார். மனுஷனுக்கு நடிப்பு அப்படி வந்திருந்தது.

“சந்தும் சேர்த்துத்தானே மச்சான்?”

“சேக்காம? பேசினதே அப்படித்தானே.”

பவர் கையை நீட்டினார். மச்சான் பத்திரத்தை உடனே விடவில்லை. “படிச்சுப் பாக்கணுமா மாப்பிள்ளை?”

குரல் என்னவோ கம்பீரமாகத்தான் இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை. விற்கிறவர் பார்த்தார், அவருடைய வக்கீல் பார்த்தார், மனைவி பார்த்தாள். இப்போது உட்கார்ந்து வரி வரியாகப் படித்தால், இத்தனை பேர் நடுவில் மச்சானின் மானத்தைத் தானே வாங்கியதாகிவிடும் என்று பவருக்குப் பட்டது. பத்திரத்தை வாங்கினார். மச்சான் புரட்டிய மாதிரியே புரட்டினார். ஓர் எழுத்தும் மனதில் ஏறவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்து மனைவி போட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அவள்தான் பேச்செடுத்தாள். “அண்ணனுக்குக் கண்ணு போயிடுச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?”

அவர் திருதிருவென்று விழித்தார்.

“போன மாசம் ஒரு காயிதத்த நீட்டி, ‘ஒங்க அண்ணி கையெழுத்து புரியல, என்னன்னு படி’ன்னாரு. அது அச்சடிச்ச காயிதங்க.” சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது.

“தெரிஞ்சுமா அவர்கிட்டக் குடுத்த?”

“வேற யாருங்க இப்ப குடுக்கறாங்க? நாமளும் கைவிட்டா மனுஷன் வீட்ட விட்டு வெளியவே வர மாட்டாரு. பேருக்கு அவர் இருக்கட்டும், படிக்கத்தான் நீங்க இருக்கீங்களேன்னு தைரியமா இருந்தேன். நீங்க பக்கம் பக்கமாப் பாத்துத் தலையாட்டினீங்க. அப்புறம்தான் நான் பேனாவ எடுத்தேன்.”

பவர் பையிலிருந்து நகலை உருவினார். பொடி எழுத்துத்தான், ஆனால் அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. ஒன்பதாம் பக்கம், கடைசிக்கு முந்தின வரி: மேற்படி மூன்றடிச் சந்து இந்த விற்பனையில் சேராது, அதில் விற்பவருக்கே முழு உரிமை.

“சந்து நமக்கு இல்ல,” என்றார்.

அவள் ஜன்னல் அளவு எழுதிய துண்டுச்சீட்டைக் கையில் வைத்திருந்தாள். அவரையே பார்த்தாள்.

“நீங்க படிச்சீங்கல்ல?”

பஸ் வந்து நின்றது. இரண்டு பேரும் ஏறவில்லை.