ஜன்னல் கம்பியில் அழுந்திய கை

என் கணவர் கீழ்பென்னாத்தூரில் பள்ளி ஆசிரியர். பல வருடங்களாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஒருநாள் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே சர்க்கரை இறங்கி, மேசையைப் பிடித்தபடி தரையில் சரிந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் டாக்டர் சென்சார் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். இடது மேல்கையின் பின்பக்கம் பெரிய சட்டைப் பொத்தான் போல ஒட்டிக்கொண்டிருக்கும். அது காட்டும் சர்க்கரை அளவு முதலில் அவருடைய போனுக்கு வரும், அங்கிருந்து என் போனுக்கும் வரும்.

வேங்கிக்காலில் என் அலுவலக மேசையில் கோப்பு ஒருபக்கம் இருக்கும், போன் ஒருபக்கம் இருக்கும். எந்தப் பக்கம் அதிகம் பார்த்தேன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அன்று பௌர்ணமி. சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் போன் அலறியது. அறுபதுக்குக் கீழே. கொஞ்ச நேரத்தில் ஐம்பதுக்கும் கீழே இறங்கியது. அவருக்கு போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. வழக்கமாக அந்த நேரத்துக்குப் பேருந்தில் வந்துகொண்டிருப்பார். அவர் தரையில் சரிந்து கிடந்ததாக முன்பு சக ஆசிரியர்கள் சொன்ன கோலம்தான் கண்முன் வந்தது.

பக்கத்து மேசைப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். "இன்னாக்கா ஆச்சு?"

போனைக் காட்டினேன். "பஸ்ல வந்துட்டிருப்பாரு, போன எடுக்கல."

"பஸ் எந்த வழியா வரும்? செஞ்சி ரோடுதானே? ஏறுங்க வண்டியில. நீங்க ஓட்டாதீங்க, நான் ஓட்டுறேன்."

வழியில் ஒரு கடையில் குளுக்கோஸ் பாக்கெட் வாங்கிக்கொண்டோம். ஊருக்குள் நுழையும் முன் வரும் நிறுத்தத்தில் நின்றோம். கிரிவலத்துக்கு வரும் கூட்டத்தோடு ஒவ்வொரு பேருந்தாகப் பிதுங்கிக்கொண்டு வந்தது. அவர் வழக்கமாக வரும் பேருந்து வந்ததும், இறங்குகிறவர்களுக்கு வழிகூட விடாமல் ஏறினேன்.

"ஏம்மா, எறங்கட்டும் இரும்மா!" என்று கண்டக்டர் கத்தினார்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்லைங்க!"

அதைக் கேட்டதும் கூட்டம் எப்படியோ வழிவிட்டது. இடதுபக்க ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் பெரிய பை. அந்தப் பை அவரை நெருக்கித் தள்ளியதில் இடதுகை ஜன்னல் கம்பியோடு அழுந்தியிருந்தது. தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"ஏங்க! ஏங்க!" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். "நீ எங்க இங்க? ஆபீஸ் போலயா?"

பேச்சு தெளிவாக இருந்தது. வியர்வை இல்லை, கை நடுக்கம் இல்லை. ஆனாலும் நான் பாக்கெட்டைப் பிரித்துப் பொடியைக் கையில் கொட்டி அவர் வாயருகே கொண்டுபோனேன்.

"இரு, இரு. எனக்கு ஒண்ணும் இல்ல. தூங்கிட்டேன், அவ்ளோதான். விரல்ல குத்திப் பாத்துடலாம்."

அவருடைய பையில் விரலில் குத்திப் பார்க்கும் பழைய கருவி இருந்தது. என் கையிலிருந்து பறந்த பொடி அவர் விரலிலும் ஒட்டியிருந்தது. "சக்கரை ஒட்டின விரல்ல பாத்தா ஜாஸ்தியா காட்டும்," என்று தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்தினார். பையோடு இருந்த அம்மா, கண்டக்டர், பின்னால் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

நூற்று இருபத்தாறு.

"நல்லதா, கெட்டதா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"நல்லதுங்க," என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது. கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை பேர் பார்க்க, அவர் அப்படிச் செய்ததே இல்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். கீழே நின்ற தோழியிடம் ஜன்னல் வழியாகக் கையசைத்துவிட்டு அதே பேருந்தில் நானும் போனேன். அவர் கம்பியை விட்டு நகர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பேருந்து நிலையம் வருவதற்குள் என் போனிலும் எண் மெல்ல மெல்ல ஏறி நூற்றைத் தாண்டியிருந்தது.

அடுத்த வாரம் டாக்டரிடம் சொன்னபோது அவருக்கு இது புதிதாகவே இல்லை. "சென்சார் ரத்தத்துல பாக்கலம்மா. தோலுக்குக் கீழ இருக்கிற நீர்லதான் பாக்குது. அந்த எடத்த அழுத்திக்கிட்டே இருந்தா கம்மியா காட்டும். சக்கரை வேகமா ஏறி எறங்கும்போது கொஞ்சம் பின்தங்கியும் காட்டும். உடம்பு ஒண்ணு சொல்லி, சென்சார் வேற சொன்னா விரல்ல குத்திப் பாத்துடுங்க."

"அப்போ இத நம்பலாமாங்க?"

"நம்பலாம். அதான் எப்போ சந்தேகப்படணும்னும் சொல்லிட்டேனே."

இப்போது சென்சார் வலது கையில் இருக்கிறது. போனைப் பைக்குள் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். போன மாதம் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது மறுபடியும் எண் இறங்கியது. "கை நடுங்குது," என்றார். விரலிலும் அதேதான் காட்டியது. எதிர்க் கடையில் கரும்புச்சாறு குடிக்கவைத்து, நிழலில் கொஞ்சம் உட்காரவைத்தேன். சரியானதும் எழுந்து போய், பாதியில் விட்டிருந்த கத்தரிக்காயைப் பொறுக்க ஆரம்பித்தார்.