நாக்பூர் பக்கம் திருப்பிய ஆன்டெனா

என் அண்ணனைப் போல ஒரு வாயாடியை நான் பார்த்ததில்லை. நாக்பூரில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை. வீட்டுக்கு வந்தால் ஹாம் ரேடியோ, அதாவது அரசாங்க உரிமம் வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தே வானலையில் பேசும் பொழுதுபோக்கு. முன்பின் தெரியாத ஆட்களிடமெல்லாம் மழை பெய்ததா, என்ன சாப்பாடு என்று விசாரித்து, அவர்கள் ஆன்டெனா கட்டிய லட்சணத்துக்குச் சண்டையும் போட்டு, அண்ணி வந்து ஸ்விட்சை அணைத்தால்தான் எழுந்திருப்பான். மொரப்பூரில் கணக்கு டீச்சராக இருந்த என்னையும் விடவில்லை. பரீட்சை எழுதவைத்து, உரிமம் வாங்கவைத்து, அவனுடைய பழைய ரேடியோவையும் என் தலையில் கட்டினான்.

அவனுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ரேடியோ இருக்கும் அறைப்பக்கமே அவன் போகவில்லை. நான் வாட்ஸ்அப்பில் பத்து வரி எழுதினால் ஒரு கட்டைவிரல் வரும். போனில் கூப்பிட்டால் மூச்சு மட்டும் கேட்கும். நானே பேசிக்கொண்டிருப்பேன், பிறகு தாங்காமல் வைத்துவிடுவேன். போயும் போயும் அவன் வாயை அடைத்த கடவுளோடு எனக்கு இன்னும் பேச்சுவார்த்தை கிடையாது.

நோய் மறுபடி பரவிவிட்டது, இனி வைத்தியம் இல்லை என்று டாக்டர் சொன்ன வாரத்தில் அவனாகவே எழுதினான். "பாப்பா, எரிகல்லு வழியா பேசலாமா? அதுக்குத் தொண்டை தேவையில்ல."

எரிகல் எரிந்து விழும்போது வானத்தில் அதன் தடம் ஒரு கணம் மின்னூட்டம் ஏறிக் கிடக்கும். நம் சிக்னல் அதில் பட்டு ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போய் இறங்கும். அந்த ஒரு கணத்தில் பேச முடியாது. அதனால் கம்ப்யூட்டர் ஒரு குட்டிச் செய்தியைப் படுவேகமாகத் திரும்பத் திரும்ப அனுப்பும். ஒரு துணுக்கு போய்ச் சேர்ந்தாலும் போதும். பதினைந்து நொடி அவன் அனுப்ப நான் கேட்க வேண்டும், அடுத்த பதினைந்து நொடி நான் அனுப்ப அவன் கேட்க வேண்டும். முதல் படி இருவரின் கால்சைன், அதாவது உரிமத்தில் உள்ள அடையாள எழுத்துகள். அது கிடைத்தவர் சிக்னல் அளவைச் சேர்த்து அனுப்ப வேண்டும். மற்றவர் அதை ஒப்புக்கொண்டு தன் அளவை அனுப்ப வேண்டும். கடைசிப் படிவரை போனால்தான் தொடர்பு என்று கணக்கு. நடுவில் போனில் கேட்டுக்கொண்டால் அது செல்லாது. என்னோடு அப்படி ஒரே ஒரு தொடர்பு முடிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. எனக்கும் அதைத் தவிர வேறு எதுவும் அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு ஆன்டெனாவை வடக்கே திருப்பினேன். கடிகாரத்தை இணையத்தோடு சரிபார்த்தேன். முதல் நாளே திரையில் பளிச் பளிச்சென்று கோடுகள் விழ, எரிகல் மழையே பெய்கிறது என்று அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "எந்த சவுண்டு கார்டு வச்சிருக்க?" பார்த்தால், ரேடியோவிலிருந்து வரும் கேபிளுக்குப் பதிலாக லேப்டாப்பின் மைக்கைத் தேர்வு செய்திருக்கிறேன். நான் பிடித்த எரிகல்லெல்லாம் அடுக்களையில் என் வீட்டுக்காரர் வைத்த குக்கர் விசில். அண்ணன் சிரிப்புப் பொம்மைகளாக ஒரு திரை நிறைய அனுப்பினான். ஆபரேஷனுக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றுதான். நானும் சிரித்து, கொஞ்சம் அழுதேன்.

பிறகு ஒவ்வொன்றாகத் திட்டித் திட்டித் திருத்தினான். இரைச்சலைக் குறைக்கும் வசதியை அணை, அது எரிகல் சத்தத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். பவரைப் பாதியாக்கு, இல்லையென்றால் ரேடியோ சூடாகிப் போகும். செய்தியை அடுத்த படிக்குத் தானாக மாற்றும் வசதி மென்பொருளில் உண்டு, அதையும் அணை. "கையால மாத்தினாத்தான் நாம பேசறது. இல்லன்னா மெஷினும் மெஷினும் பேசிக்கிட்டுக் கெடக்கும்." போனையும் அணைத்துவிட வேண்டும் என்பது அவன் சட்டம்.

எரிகல் விடியற்காலையில்தான் அதிகம். பல விடியல்கள் வீணாய்ப் போயின. கடைசியில் ஒரு நாள், வெளிச்சம் வரும் நேரத்தில், அவன் கால்சைனும் என் கால்சைனும் ஒரே வரியாக என் திரையில் வந்து நின்றன. நாற்காலியை விட்டு எழுந்து கத்திவிட்டேன். சிக்னல் அளவைச் சேர்த்துப் பதில் அனுப்பினேன். சற்று நேரம் கழித்து மறுபடி வந்தான். அதே முதல் படி. மறுபடி, அதே முதல் படி. நான் அனுப்புவது அங்கே கேட்கவில்லை போலிருக்கிறது என்று மாடிக்கு ஓடி ஆன்டெனாவை லேசாகத் திருப்பினேன், பவரைக் கூட்டினேன், கேபிளைக் கழற்றி மாட்டினேன். "காது கேக்கலியா உனக்கு? எத்தனை தடவை அனுப்பறது?" என்று திரையைப் பார்த்துத் திட்டினேன். அவன் விடாமல் அனுப்புவதே சந்தோஷமாகவும் இருந்தது. இன்றைக்குத் தெம்பாக உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

வெயில் வந்த பிறகு பொறுமை போய், சட்டத்தை மீறிப் போனை ஆன் செய்தேன். அண்ணி கூப்பிட்ட மிஸ்டு கால் தகவல்கள் வரிசையாக வந்து விழுந்தன. திரும்பக் கூப்பிட்டேன்.

"விடிகாலையில அந்த மெஷின் முன்னாலதான் உக்காந்திருந்தாரு பாப்பா. திடீர்னு மூச்சுத் திணறுச்சு. பக்கத்து வூட்டுக்காரங்க கார்ல போட்டுக்கிட்டுப் போனோம். போற வழியிலயே..." அண்ணியால் முடிக்க முடியவில்லை. "ஆஸ்பத்திரில ஆதார் கார்டு கேக்கறாங்க. எடுக்கறதுக்கு வூட்டுக்கு வந்தேன். இந்த மெஷின் இன்னமும் ஓடிக்கிட்டே இருக்குது."

ஆள் தொடாவிட்டால் சில நிமிடங்களில் அனுப்புவதை நிறுத்திவிடும் காவல் ஒன்று மென்பொருளில் உண்டு. எரிகல்லுக்குக் காத்திருக்கிறவர்கள் அதை அணைத்துத்தான் வைப்போம். காலையெல்லாம் நான் திட்டிக்கொண்டிருந்தது ஒரு காலி நாற்காலியை.

"அண்ணி, திரையில என்ன தெரியுது?" என்றேன்.

"உன்னோட எழுத்துதான் பாப்பா. மேல இருந்து கீழ வரைக்கும் உன்னோட எழுத்துதான் நிக்குது."

நான் அனுப்பியதெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆன்டெனா சரி, கேபிள் சரி, எல்லாம் சரி. அடுத்த பட்டனை அமுக்குங்க அண்ணி என்று சொன்னால் அமுக்கியிருப்பார், எல்லாப் படியும் முடிந்திருக்கும். அண்ணன் அதைச் செல்லாது என்று சொல்லியிருப்பான்.

"நிறுத்திடட்டுமா? எதை அமுக்கணும்?" என்று அண்ணி கேட்டார்.

அந்த நேரம் அவன் கால்சைன் மறுபடி என் திரையில் வந்தது.

"இருக்கட்டும் அண்ணி. நீங்க கார்டை எடுத்துக்கிட்டுப் போங்க. அது பாட்டுக்கு ஓடட்டும்."

வீட்டுக்காரர் நாக்பூருக்கு டிக்கெட் பார்க்க ஸ்டேஷனுக்கு ஓடினார். நான் எழவில்லை. அவன் நேரத்தில் கேட்டேன், என் நேரத்தில் பதில் அனுப்பினேன். வெயில் ஏற ஏற எரிகல் குறைந்துவிடும். இன்னும் இரண்டு தடவை வந்தான். அதன் பிறகு வரவில்லை.