கபானாவுக்குப் பிரைமர்

என் கூரைதான் அவருடைய தரை. கண்டியின் மேட்டு வீடுகள் அப்படி. வீதி மட்டத்தில் சொந்தக்காரர் இருப்பார். பத்துப் படி இறங்கினால் வாடகைக்காரர். அம்பிட்டிய பக்கத்து மேடொன்றில், அந்தப் பத்தாவது படிக்கு அடியில், நானும் மகளும் நான்கு வருடமாக இருக்கிறோம். கணவருக்குக் கொழும்பில் வேலை. மாதத்தில் இரண்டு முறை வருவார். மற்ற நாட்களில் எங்களுக்கு வானம் என்று இருப்பது மேல்வீட்டின் கொங்கிரீட்தான். எந்தக் கதிரை இழுபடுகிறது, எந்த அறையில் கால் நடக்கிறது, எந்நேரம் தண்ணீர் ஓடுகிறது, எல்லாம் எனக்குத் தெரியும்.

மேலே இருப்பவரை நான் தாத்தா என்று கூப்பிடுவேன். முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு அதுதான் சொல். பன்விலவிலிருந்து ஒருமுறை வந்த என் மாமா, "மேல தாத்தா இருக்காங்க" என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, போகும்வரை ஒரு கிழவரைத் தேடிக்கொண்டிருந்தார். மகள் அவரைச் சாச்சி என்பாள். சாச்சி என்றால் அம்மாவின் தங்கை. என்னைவிட ஐந்து வயது மூத்தவர் எனக்கு எப்படித் தங்கையாவார் என்று கேட்டால், அவங்கதான் அப்படிக் கூப்பிடச் சொன்னாங்க என்பாள். சின்னம்மா என்ற சொல்லுக்குள் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். சாச்சிக்குள் இல்லை. இந்த ஆறுதலை நான் பல மாதமாக வாய்க்குள் ஒதுக்கி வைத்திருந்தேன், கற்கண்டுத் துண்டைப் போல.

முப்பத்தெட்டு வயதில் பெற்ற ஒரே பிள்ளை. பங்கு கொடுக்கும் வயதைத் தாண்டிப் பெற்றவள் நான்.

போன வருடம் அவள் ஸ்கொலர்ஷிப் சோதனையில் பாஸானாள். நான் ஒரு அகராதியும் ஒரு சோடி சப்பாத்தும் வாங்கிக் கொடுத்தேன். தாத்தா கட்டாரில் இருக்கும் தம்பியிடம் சொல்லி ஒரு தட்டையான பெட்டியை வரவழைத்தார். உள்ளே இலக்கமிட்ட மெல்லிய பலகைத் துண்டுகள். பொருத்தினால் பொம்மை வீடு: இரண்டு மாடி, ஆறு அறை, ஒரு பல்கனி, திறந்து மூடும் பதினான்கு ஜன்னல். அகராதி அலுமாரிக்குள் போயிற்று. சப்பாத்து காலுக்குப் போயிற்று. வீடு மேலே போயிற்று. எங்கள் மேசையில் இரண்டு சோற்றுக் கோப்பைக்கு மேல் இடமில்லை.

தாத்தாவின் இரண்டு மகன்களும் வெளிநாட்டில். கை ஓயாத மனுஷி. தையல், பூச்செடி, கேக், உடைந்த கதிரைக்கு ஆணி, எல்லாம் அந்தக் கைக்கு வரும். கவிதை எழுதும் என் கைக்குச் சொல் மட்டும்தான் வரும், அதுவும் கெஞ்சினால்.

நான் கந்தோர் விட்டு ஐந்தரைக்கு வருவேன். தேத்தண்ணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தலைக்கு மேலே சரக் சரக் என்று சான்ட் பேப்பர். அவர்கள் பலகையைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வாரத்தில் எனக்கு இரண்டு கைகளையும் பிரித்துக் கேட்கத் தெரிந்துவிட்டது. நீளமாக, அவசரமில்லாமல் வருவது அவர். குட்டையாக, படபடவென்று வருவது என் பிள்ளை. நடுவில் சிரிப்பு. என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் கொங்கிரீட்டைத் தாண்டி வராது. தேத்தண்ணி ஆறும். நான் ஆற மாட்டேன். ஏழு மணிக்கு அவள் இறங்கி வருவாள், இமையில் மரத்தூள், தலைமுடியில் வேறு வீட்டு ஏலக்காய் வாசம். இன்னைக்குப் படிக்கட்டு ஒட்டினோம்மா என்பாள். அந்தப் பன்மையில் நான் இல்லை.

பெயின்ட் அடிக்கும் கட்டம் வந்தது. சனிக்கிழமை சாச்சிக்குக் கடுகண்ணாவையில் கல்யாண வீடு, ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய் வாங்கி வந்து அன்றைக்கே அடிக்கலாமாம் என்றாள் மகள்.

"பெயின்ட் நான் வாங்குறேன்" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"வீட்டுக்குப் பெயின்ட் எடுக்க எனக்குத் தெரியாதா?"

அவள் மேலே போய்ச் சொல்லிவிட்டு ஒரு மடித்த காகிதத்துடன் வந்தாள். வாங்க வேண்டியதைச் சாச்சி எழுதிக் கொடுத்தாராம். மடிப்புக்கு வெளியே தெரிந்த முதல் எழுத்தே வடிவாக இருந்தது. அந்த வடிவு போதும். பிரிக்காமல் கைப்பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்தேன். அவருடைய கையெழுத்தைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போக நான் ஆளில்லை.

சனி காலை, மழைத் தூறலோடு, மார்க்கட்டுக்குப் பின்னால் உள்ள ஹாட்வெயார் கடைக்குப் போனேன். முதலாளி நடுத்தர வயது தாண்டிய முஸ்லிம் மனிதர், காதில் பென்சில். எனக்கு முன்னால் இரண்டு மேசன் பாஸ்மார், தலையில் சீமெந்துத் தூசியோடு. அவர்கள் மூட்டைக் கணக்கில் பேசிக்கொண்டிருந்த இடத்தில் பொம்மை வீடு என்ற சொல் என் வாயைவிட்டு வரவில்லை. வீட்டுக்குப் பெயின்ட் வேண்டும் என்றேன்.

"புது ஊடா மிஸ், பழசா?"

"புதுசு, நானா."

முஸ்லிம் வீடுகளில் அக்கா தாத்தா என்றால், அண்ணன் நானா. எத்தனை ரூம் என்றார். ஆறு என்றேன். மேல்மாடி உண்டா என்றார். உண்டு, பல்கனியும் உண்டு என்றேன். பாஸ்மார் இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மரியாதையான பார்வை. கண்டியில் இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. சுவர் வேர்க்குமா என்று கேட்டார். சுவர் இல்லை, முழுக்கப் பலகை என்றதும் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"பலகை ஊடா? கபானாவா போடுறீங்க, டூரிஸ்ட்மார் வந்து தங்க?"

இல்லை என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தை விட்டேன். தெல்தெனியப் பக்கம் என்றேன். மேல்மாடியிலிருந்து தண்ணீர் தெரியும் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே தெரிந்தது: நீர்த்தேக்கத்தின் மேல் பனி, பல்கனியில் என் கோப்பை, எனக்கு மேலே யாருடைய காலும் நடக்காத ஒரு கூரை. தோட்டத்து லயத்தில் ஒரு காம்பரா, பிறகு போர்டிங், பிறகு இந்தக் கீழ்வீட்டு எனெக்ஸ் என்று பிறர் சுவருக்குள்ளேயே நரைத்தவளுக்கு அந்தக் கடை மேசை முன்னால் இரண்டு நிமிடத்தில் வீடு கட்டி முடிந்தது.

அப்படியென்றால் சாதாரண பிரைமர் சரிவராது என்றார் அவர். தண்ணீர்ப் பக்கத்துக் காற்று பலகையைத் தின்றுவிடும். எண்ணெய் பிரைமர்தான் வேண்டும், தின்னர் கலந்து கனமாக ஒரு கை, காய்ந்ததும் இன்னொரு கை. ஆறு அறைக்கு இத்தனை கலன் என்று காகிதத்தில் போடத் தொடங்கியவரை நிறுத்தி, முதலில் ஒரு லீற்றர் போதும், பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

பிறகு நிற அட்டையை விரித்தார். விரல் நகமளவு சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பெயர். ஈர மணலுக்கு ஒரு பெயர், விடிவதற்கு முந்திய சாம்பலுக்கு ஒரு பெயர், பாலாடைக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் நிற்பதற்கு ஒரு பெயர். எந்தக் கம்பெனியில் எவர் உட்கார்ந்து எழுதினாரோ, நான் ஒரு வரிக்காக மூன்று வாரம் முட்டும் இடத்தில் அவர் இரண்டு சொல்லில் தாண்டிப் போயிருந்தார். அவர் மேலும் எனக்கு எரிந்தது. எரிச்சலோடு ஆறு நிறம் தெரிந்தெடுத்தேன், ஆறு சிறிய டின்.

"யாரு இருக்கப் போற மிஸ், நீங்களா?"

"நானும் மகளும்."

"அப்ப மகள்ட ரூமுக்கு மகள்ட்ட கேட்டீங்களா?"

கேட்டேன் என்றேன். அன்று சொன்ன பொய்களிலேயே கனமானது அதுதான்.

மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். தாத்தா பூனைக்குப் பால் வைக்கச் சொல்லி மேல்வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பூனைக்குப் பால் வைத்தேன். வீட்டைத் தூக்கினேன். என் கையில் அது நினைத்ததைவிட இலேசாக இருந்தது. படி படியாக இறக்கி, எங்கள் வாசலில் பத்திரிகை விரித்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்தால் மூன்று பேரும் அடிப்போம். பொறுக்காவிட்டால் நான் அடித்த வீடு. டின்னைத் திறந்தேன்.

பிரைமர் வெள்ளையாக இருக்கும் என்றே நினைத்திருந்தேன். அது ரோஸ். பூவின் ரோஸ் அல்ல, பொய்ப்பல் செட்டின் ஈறு இருக்குமே, அந்த ரோஸ். அடித்துக் காய்ந்தால் மாறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கனமாக ஒரு கை அடித்தேன், கடைக்காரர் சொன்னபடி. காய்வதாகத் தெரியாததால் இன்னொரு கையும் அடித்தேன். ஜன்னல்களின் இடுக்கெல்லாம் பிரைமர் இறங்கி நின்றது.

மூன்று மணிக்கு மகள் படியிறங்கி வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். பையைக்கூடக் கழற்றாமல் குந்தி, ஒரு ஜன்னலை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அடுத்ததை. அதற்கடுத்ததை.

"ஒன்னுமே தெறக்க மாட்டேங்குதும்மா."

பிறகு, சாச்சி எழுதிக் கொடுத்த பேப்பர் எங்கே என்று கேட்டாள். கடையில் தொலைந்துவிட்டது என்றேன்.

மாலையில் தாத்தா வந்தார். தின்னர் வாசம் வீதி வரைக்கும் எட்டியிருக்க வேண்டும். கல்யாண உடுப்போடு, கையில் வட்டலாப்பப் பொதியோடு, நேரே எங்கள் படியில் இறங்கினார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரு விரல் நுனியால் தொட்டார். விரல் ரோஸானது.

"தங்கச்சி, இது வெளிக்கதவுக்குப் பூசுற சாமான். பேப்பர்ல எழுதினனே."

நான் வாய் திறப்பதற்குள் மகள் முந்தினாள்.

"பேப்பர் கடையில தொலைஞ்சிருச்சாம், சாச்சி."

தொலைஞ்சிருச்சு என்று அவள் சொல்லியிருக்கலாம். தொலைஞ்சிருச்சாம் என்றாள். தன் தாய் சொன்னதைச் சேர்ப்பித்தாள், அவ்வளவுதான். அதற்குப் பொறுப்பு நிற்கவில்லை. பிள்ளையை எங்கே இழந்துகொண்டிருக்கிறேன் என்று மாதக்கணக்காகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஒற்றை ஆம் விளங்கப்படுத்தியது. மேல்வீட்டில் அல்ல, இங்கே, என் வாசலில்.

ஞாயிறு காலை, அவள் பல் தீட்டிக்கொண்டிருந்தபோது, கைப்பை ஸிப்பைத் திறந்து காகிதத்தைப் பிரித்தேன். மரத்துக்குப் பூசும் தண்ணீர் பிரைமர், வெள்ளை, ஆகச் சின்ன டின். மெல்லிய சான்ட் பேப்பர் இரண்டு. சின்ன பிரஷ் மூன்று, மூன்று பேருக்கும். மெல்லிசாக அடிக்க வேணும், ஜன்னலைத் திறந்து வைத்து. கடைசி வரி கோடிட்டிருந்தது: கலர் அம்மா எடுக்கட்டும், அவங்களுக்குத்தான் அதெல்லாம் தெரியும்.

அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. வெட்கம் வந்தது. வெட்கத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே பழையதும் வந்தது: எனக்கு இடம் விட்டு எழுதவும் அவருக்குத்தானே வந்திருக்கிறது.

காகிதத்தை மகளிடம் கொடுத்தேன். தொலையவில்லை என்றேன். கடையில் சொன்னதையும் சொன்னேன், பாஸ்மார், தெல்தெனிய, பல்கனிக் கோப்பை எல்லாம். அவள் காகிதத்தை நிதானமாகப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, வாயில் பேஸ்ட் நுரையோடு, "கபானான்னா சொன்னீங்க?" என்றாள். அடுத்த நிமிடம் மேலே ஓடினாள். சற்று நேரத்தில் கூரைக்கு மேலே இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். இந்த முறை எதற்கென்று எனக்குத் தெரிந்தது.

அந்த வாசத்தை வீட்டுக்குள் எடுக்க முடியாது என்பதால் பொம்மை வீடு எங்கள் வாசலிலேயே நின்றது. அதனால் அந்த வாரம் முழுக்கத் தாத்தாதான் கீழே இறங்கி வந்தார். மூன்று பேரும் பிளேடும் சான்ட் பேப்பருமாக ஜன்னல் ஜன்னலாகச் சுரண்டினோம். என் கை எந்தச் சத்தத்தில் வருகிறது என்று கவனித்தேன்: விட்டு விட்டு, முரண்டு பிடித்து. பதினான்கில் பன்னிரண்டு திறந்தன. மிச்சப் பிரைமரை மழைக்கு ஊதும் எங்கள் வெளிக்கதவுக்குப் பூசச் சொன்னார் தாத்தா. பூசினோம். இப்போது ஈறு நிறக் கதவுக்குப் பின்னால்தான் குடியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை காகிதத்தை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் அதே கடைக்குப் போனோம். வேறு கடைக்குப் போகலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன், மகள் விடவில்லை. முதலாளி என்னைக் கண்டதும் எழுந்தே நின்றார்.

"வாங்க மிஸ். கபானா எப்பிடி, பூசி முடிஞ்சா?"

கடையில் நாலைந்து பேர். மகளின் தோள் குலுங்கத் தொடங்கியது. தாத்தா அபாயாவின் கையைச் சரிசெய்தபடி, கண் இமைக்காமல், அந்த வீட்டில் பத்து வருடம் குடியிருந்தவரைப் போல முன்னால் வந்தார்.

"ஊடு நல்லா ஈக்கி நானா. மேல ரெண்டு ஜன்னல்தான் தொறக்குதில்ல. உள்ளுக்குப் பூச வெள்ளப் பிரைமர் ஒன்னு தாங்க, ஆகச் சின்ன டின்."

அவர் சின்ன டின்னை எடுக்கத் திரும்பினார். பொய்யும் அந்த மனுஷிக்கு என்னைவிட அழகாக வருகிறது என்று எரிந்தேன். அதற்குள் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைப் புதைக்க இடம் தேடினாள். அவருக்கும் எனக்கும் நடுவில்தான் நின்றாள். இரண்டு பக்கமும் ஒரே தூரம். புதைத்தது என் விலாவில்.

நான் அசையாமல் நின்றேன், டின் வரும்வரை.