நான்காவது பெண்ணுக்கு அடித்த மணி

தார்ன்கோட் பிரபுவின் குடும்பத்தில் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. மூத்தவனுக்குப் பட்டமும் மாளிகையும், இரண்டாமவனுக்குப் பட்டாளம், மூன்றாமவனுக்கு ஊர்த் தேவாலயம் என்று பூட்டன் காலத்திலேயே பங்கு பிரித்தாயிற்று. மூன்றாமவனுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆண் பிறந்தால் தேவாலயத்தின் ஆறு மணிகளும் முழங்கும்; மதுக்கடையில் பிரபுவின் செலவில் ஒரு பீப்பாய் பீர் திறப்பார்கள். பெண் பிறந்தால் கப்சிப்.

அந்த மணிக்கூண்டுக்குத் தலைவி டார்க்கஸ் பிம், மாளிகையின் சலவைக்காரி. ஆண்கள் எல்லோரும் சண்டைக்குப் போன காலத்தில் மணிக்கயிறு அவள் கைக்கு வந்தது. போனவர்களில் அவள் புருஷன் திரும்பவே இல்லை. திரும்பி வந்தவர்கள் கயிற்றைக் கேட்டபோது அவள் கொடுக்கவில்லை. வாரமெல்லாம் அடுத்தவர் அழுக்கோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு, அந்தக் கயிற்றைப் பிடிக்கும்போதுதான் தானும் ஒரு ஆள் என்று தோன்றும்.

மூன்று பெண்களைப் பெற்ற சீமாட்டிக்கு நான்காவது பிரசவம். இந்த முறை பையன்தான் என்று ஊரே அடித்துச் சொன்னது. மணிக்கூண்டில் ஆறு பேரும் தயாராக நின்றார்கள். செய்தி வந்தது: பெண்.

"போச்சுடா! பீப்பாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே மூடிட்டாங்க," என்று கயிற்றைக் கொக்கியில் மாட்டினார் கொல்லர் ஜோப் டல்லி.

"ஏன், பொண்ணு பொறந்தா பீர் கசக்குமா? நில்லுங்க. அடிப்போம்," என்றாள் டார்க்கஸ்.

"கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு? நாளைக்கே எசமான் உன் கயித்தப் புடுங்கிட்டு வெளிய தள்ளிடுவாரு."

"தெரியும். ஆனா மூணு பிரசவத்துக்கும் அந்தம்மா தலகாணி உறைய நான்தானே தொவைச்சேன்? அத்தனை ஈரமும் வேர்வைன்னு நம்ப நான் என்ன பச்சப்புள்ளையா?"

ஜோப் கொக்கியிலிருந்து கயிற்றை மறுபடியும் எடுத்தார். ஆறாவது ஆள் மட்டும் சந்தடியில்லாமல் நழுவிவிட்டான். அவன் போன வாசலில் பாதிரியார் லயனல் நின்றுகொண்டிருந்தார். பிரபுவின் தம்பி, அந்த வீட்டின் மூன்றாமவர். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"எங்கண்ணன் கோவம் உனக்குத் தெரியும், டார்க்கஸ். உன் கயித்துக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

"வாக்கு கேக்கலைங்க ஐயா."

"நான் பொறந்தப்பவும் இந்த மணிய அடிச்சாங்களாம். குதிரை வளக்க ஆசைப்பட்டவனுக்கு இந்த அங்கி கெடைச்சுது." அவர் அங்கியைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டார். "ஒரு ஆள் கொறையுதே, நான் புடிக்கட்டுமா?"

பாதிரியார் மணியடித்த அழகைச் சொல்லி மாளாது. மற்ற ஐந்தும் ஒரு பக்கம் போனால் அவருடையது தனிக்கட்டையாகப் பின்னால் வந்தது. வயலில் இருந்தவர்கள் பையன் என்று நம்பித் தொப்பியை மேலே எறிந்தார்கள். மதுக்கடையில் பீப்பாய் திறந்துவிட்டது.

மணிகள் ஓய்ந்த சற்று நேரத்தில், மருத்துவச்சி மேபல் கெட்ஜ் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். கயிற்றைப் பறிக்கத்தான் ஆள் வந்தாயிற்று என்று டார்க்கஸ் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"அம்மா செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாங்கடி. கொழந்தையக் காட்டுன்னுகூடக் கேக்கல. மணிச் சத்தம் கேட்டதும் படக்குன்னு திரும்பி, 'நல்லாப் பாத்தியா? பையனா?'ன்னாங்க. பொண்ணுதாம்மான்னேன். 'அப்போ மணி யாருக்கு?' இவளுக்குத்தான்னு சொன்னேன். உடனே ரெண்டு கையையும் நீட்டுனாங்க, டார்க்கஸ்."

டார்க்கஸ் நெஞ்சோடு பிடித்திருந்த கயிற்றை விட்டாள். "எசமான்?"

"குதிச்சுக்கிட்டு வந்தாரு, யாரு அடிச்சான்னு. அம்மா புள்ளைய மார்ல போட்டுக்கிட்டு, 'நிறுத்திட்டாங்களே, ஏன்? மத்த மூணு பேருக்கும் யாரு அடிக்கிறது?'ன்னு கேட்டாங்க. மனுஷன் வந்த வழியே திரும்பிப் போயிட்டாரு. போய்ச் சொல்லுன்னு அம்மாதான் என்னைத் தொரத்துனாங்க."

கொப்புளம் கண்ட கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, டார்க்கஸ் மறுபடியும் கயிற்றைப் பிடித்தாள்.

"எடுங்க," என்றாள். "மூத்தவகிட்டேர்ந்து ஆரம்பிப்போம்."